ஹாக்கின்டோஷ் எங்கே நிற்கிறது? யாழ்ப்பாணத்துப் பழுதுபார்ப்பு மேசையிலிருந்து சில வழிமுறைகள்

"அண்ணை, நேற்று இரவு மட்டும் நல்லா ஓடினது, இண்டைக்கு அப்பிள் அடையாளத்தோட அப்படியே நிக்குது." அப்பிள் தயாரிக்காத கணினியில் மக் ஓஎஸை ஓடவிடும் ஹாக்கின்டோஷ் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தோடுதான் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. கொண்டு வருபவர் கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ கலியாண வீடியோ தொகுப்பவராக இருப்பார். ஃபைனல் கட் புரோவை விட்டு மாற மனமில்லாமலும் உண்மையான மக் ஒன்றை வாங்கக் கையில் பணமில்லாமலும், இன்டெல் புரொசசர் பூட்டிய சாதாரணப் பெட்டியொன்றில் மக் ஓஎஸை ஏற்றி வைத்திருப்பார். அப்பிளின் உரிம ஒப்பந்தம் தன் பெயர் பொறித்த கணினிகளில் மட்டுமே மக் ஓஎஸை நிறுவ அனுமதிக்கிறது என்பதை வருகிறவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம். அதன் நடைமுறைப் பொருள், இந்தப் பெட்டி பழுதானால் கேட்டுப் போவதற்கு ஒரு சேவை நிலையம் இல்லை என்பதுதான்.

இப்பெட்டிகளைப் பார்க்கும்போது என்ன பழுது என்று கேட்பதைக் காட்டிலும், எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும். மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் மதர்போர்ட்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸ் விழிக்கிறது. அது டிஸ்கில் தொடக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய இஎஃப்ஐ பகுதியிலுள்ள ஓபன்கோர் என்ற ஏற்றியை அழைக்கிறது. ஓபன்கோர், இது ஒரு மக் கணினிதான் என்ற தோற்றத்தை அமைத்துவிட்டு, மக் ஓஎஸின் மையப் பகுதியான கேர்னலை ஏற்றுகிறது. கேர்னல் வன்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, மக் ஓஎஸ் இருக்கும் டிஸ்கைக் கண்டு, கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டை எழுப்பித் திரையைத் தருகிறது. எந்தப் படியில் கால் தடுக்குகிறது என்று தெரிந்தால் மற்றப் படிகளைக் கிண்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

அதை அறிய, எழுத்து வரிகள் ஓடும் வேர்போஸ் முறையில் கணினியைத் தொடக்க வேண்டும். ஓபன்கோரின் கொன்ஃபிக் கோப்பில், என்விராம் பிரிவிலுள்ள பூட் ஆர்க்ஸ் என்ற வரியில், சிறு கோட்டுடன் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் அப்பிள் அடையாளம் மறைந்து வரிகள் தெரியும். அதே வரியில் டீபக் என்பதற்கு 0எக்ஸ்100 என்ற மதிப்பையும் கொடுத்தால், கேர்னல் விழும்போது கணினி தானாக மறுதொடக்கமாகாமல் விழுந்த இடத்திலேயே நிற்கும். கைப்பேசியால் கடைசி இருபது வரிகளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடுவதற்கு முன், நன்றாக ஓடிய காலத்து இஎஃப்ஐ உறையின் (ஃபோல்டரின்) பிரதியொன்றை ஃபாட்32 முறையில் ஃபோமற் செய்த பென்டிரைவில் வைத்திருங்கள். டிஸ்கில் உள்ளது கெட்டாலும் அதிலிருந்து தொடங்கலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றியவருக்குக் கணினி ஓடத் தொடங்கினாலும் எது வேலை செய்தது என்று தெரிவதில்லை.

நேற்று ஓடியது, இன்று எதுவுமே வரவில்லை

மென்பொருளில் யாரும் கை வைக்காத நிலையில் இப்படி நேர்ந்தால், மக் ஓஎஸை விட்டுவிட்டு மதர்போர்ட்டிலுள்ள சிஆர்2032 என்ற வட்டப் பற்றரியை முதலில் பாருங்கள். மின்சாரம் இணைந்திருக்கும் வரை பற்றரி செத்தது வெளியே தெரியாது. ஒரு மின்வெட்டு வந்தாலோ, இடிமுழக்கத்துக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைத்தாலோ, பயோஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளின்போது என்னிடம் வந்த பெட்டிகளில் நான் அடிக்கடி கண்டது இதைத்தான். திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருப்பது இதற்கு நல்ல அடையாளம். கடையில் சிறு தொகைக்குக் கிடைக்கும் பற்றரியை மாற்றிவிட்டு, பயோஸுக்குள் சென்று, செக்கியூர் பூட், ஃபாஸ்ட் பூட், சிஎஸ்எம் ஆகிய மூன்றையும் அணையுங்கள். சாட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்குங்கள். எபவ் 4ஜி டிகோடிங், எக்ஸ்எச்சிஐ ஹாண்ட்ஓஃப் இரண்டையும் இயக்குங்கள். சிஎஃப்ஜி லொக் என்ற வரி இருக்குமானால் அதை அணையுங்கள். உட்பொதிந்த கிராஃபிக்ஸைத் திரைக்குப் பயன்படுத்துகிறவர்கள் டிவிஎம்டி ஒதுக்கீட்டை 64 எம்பி ஆக வையுங்கள். பின்னர் அந்தப் பக்கங்களையும் படமெடுத்து வைத்தால் அடுத்த முறை பத்து நிமிட வேலை.

ஓபன்கோர் பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் திறக்கிறதென்றால், விண்டோஸ் தன் பெரிய அப்டேற் ஒன்றின்போது தொடக்க வரிசையில் தன்னை முன்னே வைத்துக்கொண்டிருக்கும். பயோஸில் வரிசையை மாற்றுங்கள். கொன்ஃபிக் கோப்பில் லோஞ்சர் ஒப்ஷன் என்பதை ஃபுல் என்று வைத்தால் ஓபன்கோர் தன் பெயரைப் பயோஸில் பதிந்துகொள்ளும். இரண்டு ஓஎஸுக்கும் தனித்தனி டிஸ்க் வைப்பது இதைவிட நிம்மதி.

ஓபன்கோர் வருகிறது, ஆனால் கேர்னல் தொடங்கவில்லை

ஓபன்கோரின் சொந்தப் பிழைச் செய்திகள் ஓசிஎஸ், ஓசிபி போன்ற எழுத்துகளோடு தொடங்கும். ‘ஸ்கீமா இல்லை’ என்று பொருள்படும் வரிகள் தென்பட்டால், ஓபன்கோரின் பதிப்பும் கொன்ஃபிக் கோப்பின் பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளுங்கள். ஓபன்கோருடன் வரும் ஓசிவலிடேட் என்ற சிறு கருவியிடம் கோப்பைக் கொடுத்தால், பிழையுள்ள இடங்களைச் சொல்லிவிடும். கோப்பைத் திருத்தப் புரொப்பர்ட்ரீ போன்ற எளிய திருத்தியே போதும். எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் சொடுக்கிச் செய்யலாம் என்று வரும் கொன்ஃபிகரேட்டர் மென்பொருள்கள், ஒரு பதிப்பின் கோப்பை இன்னொரு பதிப்பின் அமைப்பில் சேமித்துவிடக்கூடியவை. நான் அவற்றைத் தொடுவதில்லை.

வரிகள் ஓடி, ‘எக்சிட் பிஎஸ் ஸ்டார்ட்’ என்று முடியும் இடத்தில் உறைந்து நிற்பது மிகப் பரவலான அறிகுறி. பயோஸ் தன் பொறுப்பைக் கேர்னலிடம் ஒப்படைக்கும் அந்தக் கணத்தில், நினைவக வரைபடம் கேர்னல் எதிர்பார்க்கும் வடிவில் இல்லை என்பது பெரும்பாலும் காரணம். கொன்ஃபிக் கோப்பின் பூட்டர் பிரிவிலுள்ள குவிர்க்ஸ் என்னும் சீர்படுத்தும் அமைப்புகளை, உங்கள் புரொசசர் தலைமுறைக்குரிய வழிகாட்டியுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். இன்டெலின் இசட்390 வகைப் பலகைகளுக்கு, அதாவது மதர்போர்ட்டுகளுக்கு, புரொடெக்ட் யூஇஎஃப்ஐ சேர்விசஸ் என்பது வேண்டும். 10ஆம் தலைமுறைப் பலகைகள் பலவற்றில் செற்றப் வேர்ச்சுவல் மாப் என்பதை அணைக்க வேண்டும். சிஎஃப்ஜி லொக் பயோஸில் மீண்டும் இயங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் நிற்கும். பயோஸில் அந்த வரியே இல்லாத பலகைகளில் அப்பிள் எக்ஸ்சிபிஎம் சிஎஃப்ஜி லொக் என்ற குவிர்க்கை இயக்கிச் சமாளிக்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த இஎஃப்ஐ உறையை அப்படியே போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் பலர். ஒரே புரொசசர் என்றாலும் மதர்போர்ட் வேறென்றால் அந்த உறை வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டைதான். அத்தகைய உறையைத் திருத்த முயல்வதைவிட, புதிதாக ஒன்றை அமைப்பது எனக்குக் குறைந்த நேரத்தில் முடிகிறது.

கேர்னல் தொடங்கி நடுவழியில் நிற்கிறது

‘பிசிஐ கொன்ஃபிகரேஷன் பிகின்’ என்ற வரிக்கு அருகில் நின்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். எபவ் 4ஜி டிகோடிங் பயோஸில் இயங்குகிறதா என்பது ஒன்று. மற்றது கடிகாரம்: இன்டெலின் 300 வரிசைப் பலகைகளில் பழைய ஆர்டிசி கடிகாரத்தின் இடத்தில் அவாக் என்ற புதிய கடிகாரம் வந்தது, மக் ஓஎஸுக்கு அதனோடு பேசத் தெரியாது. இஎஃப்ஐ உறைக்குள் இருக்கும் ஏசிபிஐ உறையில் எஸ்எஸ்டிடி அவாக் என்ற கோப்பைச் சேர்த்து, அதைக் கொன்ஃபிக் கோப்பிலும் பதிந்தால் பழைய கடிகாரம் விழித்துக்கொள்ளும்.

குறுக்குக் கோடு போட்ட வட்டம் திரையில் தோன்றினாலோ, வேர்போஸ் வரிகளில் ‘ரூட் டிவைசுக்காக இன்னும் காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, மக் ஓஎஸ் தன் டிஸ்கைத் தொலைத்துவிட்டது. டிஸ்கிலிருந்து தொடங்கும்போது இப்படி நேர்ந்தால் சாட்டா முறையையும் கேபிளையும் பாருங்கள். நிறுவும் பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது நேர்ந்தால் அது யுஎஸ்பி சிக்கல். பின்பக்கத்து யுஎஸ்பி 2.0 துளைக்குப் பென்டிரைவை மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் அன்றைய வேலை அதோடு நடந்துவிடும், ஆனால் நோய் தீராது.

அந்த நோயைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல அறிகுறிகளுக்கு மூலம் இதுவே. மக் ஓஎஸ் ஒரு யுஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 போர்ட்டுகளுக்கு மேல் ஏற்பதில்லை. நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும், பழைய வேகத்துக்கு ஒன்றும் புதிய வேகத்துக்கு ஒன்றுமாக இரண்டு போர்ட்டுகளாக எண்ணப்படும். ஆகவே எட்டு நீலத் துளைகள் இருந்தால் 16 ஆகிவிடுகிறது. முன்பக்கத் துளைகளும் புளூடூத்துக்கான உள் இணைப்பும் எல்லைக்கு வெளியே தள்ளப்படலாம். முன்பக்கத்தில் செருகிய ஹார்ட் டிஸ்க் தெரிவதில்லை, புளூடூத் இல்லை, தூங்க வைத்தால் உடனே விழிக்கிறது என்றெல்லாம் வருவோரிடம் நான் முதலில் யுஎஸ்பி வரைபடம் செய்திருக்கிறீர்களா என்றே கேட்பேன். இந்த எல்லையைத் தூக்கிவிடும் எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் என்ற குவிர்க் முன்னர் இருந்தது. மக் ஓஎஸ் 11.3 முதல் அது பயன்படுவதில்லை. யுஎஸ்பி டூல்பொக்ஸ் என்ற கருவியை விண்டோஸில் ஓடவிட்டு, ஒரு யுஎஸ்பி 2 பென்டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவையும் ஒவ்வொரு துளையிலும் மாறி மாறிச் செருகி, எது எந்த எண் என்று கண்டு, தேவையான 15ஐ மட்டும் தெரிந்தெடுத்தால், அது ஒரு கெக்ஸ்ட் கோப்பாக, அதாவது மக் ஓஎஸ் ஏற்றும் டிரைவர் போன்ற கோப்பாக, அமைத்துத் தரும். அரை மணி நேரம் எடுக்கும் இந்த வேலை பலருக்குச் சலிப்பூட்டுகிறது. செய்தவர்கள் இதே குறையோடு என்னிடம் திரும்பி வந்ததில்லை.

வரிகள் முடிகின்றன, திரை கறுத்துவிடுகிறது

வேர்போஸ் வரிகளில் ஸ்கிரீன் லொக் ஸ்டேற் என்ற சொற்கள் தென்பட்ட பின் திரை அணைந்தால், கேர்னல் தன் வேலையை முடித்துக் கிராஃபிக்ஸிடம் கொடுத்துவிட்டது என்று பொருள். பழைய பொருள் சந்தையில் கார்டு வாங்குமுன் இதைக் கேட்டிருந்தால் நல்லது என்று நான் வருந்தும் இடம் இது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற கார்டுகளுக்கான டிரைவர் மக் ஓஎஸின் ஹை சியரா 10.13 பதிப்புடன் நின்றுவிட்டது, ஜிடிஎக்ஸ் 1650க்கும் ஆர்டிஎக்ஸ் வரிசைக்கும் டிரைவர் வந்ததே இல்லை. கெப்லர் வகையைச் சேர்ந்த பழைய கார்டுகள் பிக் சர் பதிப்பு வரை ஓடின, அதற்கடுத்த மொண்டரேயில் நீக்கப்பட்டன. இவற்றுக்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, கார்டை விற்றுவிடுங்கள்.

ஏஎம்டி பக்கத்தில் ஆர்எக்ஸ் 570, 580 இரண்டும் நேராக ஓடுபவை. ஆர்எக்ஸ் 6600க்கு மக் ஓஎஸ் 12.1 முதல் ஆதரவு உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கும் 7000 வரிசைக்கும் இல்லை. 5000, 6000 வரிசைக் கார்டுகளில் திரை கறுத்தால், பூட் ஆர்க்ஸ் வரியில் ஏஜிடிபிமொட் என்பதற்குப் பிக்கேரா என்ற மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளில் ஒரு பகுதி கிரிப்டோ நாணயம் தோண்டி ஓய்ந்தவை. தோண்டியவர்கள் கார்டின் சொந்தப் பயோஸை மாற்றியிருப்பார்கள். விண்டோஸில் தட்டுத்தடுமாறி ஓடும் அது மக் ஓஎஸில் கறுப்புத் திரையாக முடியும். கார்டில் பயோஸை மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால் மறுபக்கம் தள்ளிப் பார்க்கலாம். இல்லையேல் அதே மாதிரிக்குரிய மூலப் பயோஸைத் திரும்ப எழுத வேண்டும்.

தனிக் கார்டு இல்லாமல், 8ஆம் அல்லது 9ஆம் தலைமுறைப் புரொசசரின் யுஎச்டி 630ஐத் திரைக்குப் பயன்படுத்துகிறவர்கள், டிவைஸ் புரொப்பர்ட்டீஸ் பிரிவில் திரைக்குரிய பிளாட்ஃபோம் எண் இருக்கிறதா, தனிக் கார்டுடன் பின்னணியில் ஓடுவதற்குரிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் மாறிப் போவது அடிக்கடி நடக்கிறது. தனிக் கார்டு இருந்தாலும், வீடியோ தொகுப்பவர்கள் உட்பொதிந்த கிராஃபிக்ஸை முற்றாக அணைத்துவிடாதீர்கள். ஐமக் அடையாளத்தில் ஓடும் பெட்டிகளில் எச்.264 கோப்புகளைக் கையாளும் வேகத்துக்கு அது உதவுகிறது.

மேசைத்தளம் வந்துவிட்டது, ஆனால்

ஒலி இல்லையென்றால், மதர்போர்ட்டின் ஒலிச் சில்லு எது என்று பார்த்து, அதற்கு அப்பிள்ஏஎல்சி என்ற ஒலிக் கெக்ஸ்ட் தரும் லேஅவுட் எண்களை ஒவ்வொன்றாகப் பூட் ஆர்க்ஸில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாஹோ எனப்படும் மக் ஓஎஸ் 26இல் அப்பிள் தன் பழைய ஒலி டிரைவரையே நீக்கிவிட்டது. அங்கே அப்பிள்ஏஎல்சி மட்டும் போதாது.

இணையம் இல்லையென்றால், கேபிள் இணைப்புச் சில்லுக்குரிய கெக்ஸ்டைச் சேருங்கள்: இன்டெலுக்கு இன்டெல் மௌசி, ரியல்டெக் கிகாபிட் சில்லுக்கு ஆர்டிஎல்8111. ஆப் ஸ்டோர் மட்டும் ‘கருவியைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று மறுத்தால், கேபிள் இணைப்பு ‘இஎன்0’ என்ற பெயரிலும் உட்பொதிந்த கருவியாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மக் ஓஎஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னே நிற்கிறதா? நல்லூர்க் கந்தன் பூசை நேரம் தவறுவதில்லை; கணினியிலும் கடிகாரம் தவறவில்லை, அதைப் படிக்கும் முறைதான் இரண்டு. மக் ஓஎஸ் மதர்போர்ட்டின் கடிகாரத்தில் கிரீனிச் நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நம் நேர வலயம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருப்பதால் அவ்வளவும் குறைகிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் பகுதியில் ரியல் டைம் இஸ் யூனிவேர்சல் என்ற மதிப்பை 1 ஆகச் சேர்த்தால் இரண்டும் ஒரே முறையில் படிக்கும்.

கலியாண வீடியோவின் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன என்று ஒருவர் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவை பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு மக்கில் இல்லை. அதை நிறுவலாம், அல்லது எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, மக் ஓஎஸுடனேயே வரும் தமிழ் எம்என், இணைமதி எழுத்துருக்களில் போடலாம்.

எக்ஸ்போட் செய்யும்போது மட்டும் அணைந்துவிடுகிறது

சும்மா இருக்கும்போது நன்றாக ஓடி, புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து முழு வேகத்தில் உழைக்கும்போது கணினி சட்டென்று அணைந்தால் கெக்ஸ்டுகளைத் தேட வேண்டாம். பவர் சப்ளையின் வலு, வெப்பம், ராம் என்ற வரிசையில் பாருங்கள். வெளிக்காற்று வர ஜன்னல் திறந்திருக்கும் வீடுகளில் புழுதி விசிறிக்குள் கட்டியாகப் படிந்திருக்கும். புரொசசரின் வெப்பம் கடத்தும் பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். ராமை மெம்டெஸ்ட்86 கொண்டு ஓரிரவு சோதியுங்கள். பெட்டியின் இரும்பில் கை பட்டால் மின் கூச்சம் தெரிகிறதென்றால், எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கும் துண்டு ஒன்று நடுவே இருக்கிறது. மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே பெட்டியைத் திறவுங்கள்.

அணையாமல், கேர்னல் விழுந்து மறுதொடக்கமானால், என்விஎம்இ டிஸ்கின் மாதிரி எண்ணைப் பாருங்கள். மடிக்கணினிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் சாம்சங் பிஎம்981 மாதிரி மக் ஓஎஸோடு ஒத்துப்போகாதது எனப் பெயர் பெற்றது. சாம்சங்கின் 970 ஈவோ பிளஸ் என்றால் புதிய ஃபேம்வெயர் வேண்டும்.

அப்டேற் செய்த பிறகு

சொனோமாவுக்கு ஏறியதும் பிசிஎம்94360 வைஃபை கார்டு மறைந்துபோனால் கார்டு பழுதாகவில்லை; 2023இல் வந்த அந்தப் பதிப்பில் அதற்கான டிரைவரை அப்பிள் நீக்கிவிட்டது. ஓபன்கோர் லெகஸி பாச்சர் என்ற கருவியால் அந்த டிரைவரைத் திரும்பப் பொருத்தலாம். ஆனால் ஒவ்வொரு அப்டேற்றுக்குப் பின்னும் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். எந்தப் பெரிய அப்டேற்றுக்கு முன்னரும் ஓபன்கோரையும் லிலு, வேர்ச்சுவல் எஸ்எம்சி, வட்எவர்கிரீன் ஆகிய கெக்ஸ்டுகளையும் புதுப்பித்து, அந்தப் புதிய உறையைப் பென்டிரைவிலிருந்து தொடக்கிச் சரிபார்த்த பின்னரே டிஸ்கில் போடுங்கள். இன்டெல் கணினிகளுக்கு வரும் கடைசிப் பதிப்பு தாஹோவே என்று அப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. ஆகவே கையில் வேலை உள்ள தொகுப்பாளர் இப்போது நன்றாக ஓடும் பதிப்பிலேயே தானியங்கி அப்டேற்றை அணைத்துவிட்டு இருப்பதைத்தான் நான் சொல்வேன். புதிதாகப் பெட்டி கட்டித் தரும்படி கேட்டு வருகிறவர்களிடம் பழைய மக் மினி எம்1 ஒன்றின் விலையை முதலில் விசாரித்துவிட்டு வரச் சொல்கிறேன்.